முள்ளம்பன்றி மறித்த மாற்றுப்பாதை

நாணல் குளத்துக்கும் அதன் மேலே இருந்த பாறை மேட்டுக்கும் நடுவே செங்குத்தான கரை ஒன்று இருந்தது. மழை கொட்டினால் குளம் நிரம்பி வழியும். பெரிய விலங்குகள் எப்படியோ மேலே ஏறிவிடும். குட்டிகள்தான் தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். அதனால் இந்த வருஷம் மழைக்கு முன்பே கரையில் ஒரு சாய்வுப் பாதை போட்டுவிடுவது என்று யானைக்கூட்டம் முடிவு செய்தது.

காட்டெருமைகள் குளத்துக் களிமண்ணில் புரண்டு, முதுகு நிறைய மண்ணோடு வந்து கரையில் உதறும். யானைகள் அதை மிதித்துக் கெட்டிப்படுத்தும். வேலை நடந்த இடத்தில் பழைய வழி அடைபட்டதால், எல்லோரும் புதருக்குள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அந்த மாற்றுப்பாதை நேரே ஊசியப்பனின் வளை வாசல் வழியாகப் போனது!

ஊசியப்பன் ஒரு முள்ளம்பன்றி. இரவில் கிழங்கு தோண்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவன். கண்ணை மூடினால் போதும், தடதடவென்று காட்டெருமைகள் போகும். பின்னாலேயே, "தள்ளு, தள்ளு!" என்று காட்டுப்பன்றிகள் கத்தும். வளைக் கூரையிலிருந்து மண் அவன் மூக்கில் உதிரும்.

ஆறாம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. பாதையின் நடுவில் போய், முட்களைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"கொஞ்சம் நகருங்கண்ணே! மண்ணு காயுறதுக்குள்ள போகணும்!" என்றாள் காரி என்ற காட்டெருமை.

"முடியாது! வேற வழி பாத்துக்கோ!"

வேறு வழி ஏது? காலில் முள் ஏறிவிடுமோ என்று பயந்து எல்லோரும் திரும்பிப் போனார்கள். ஊசியப்பன் அங்கேயே சுகமாகத் தூங்கினான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

மறிக்கத் தொடங்கிய நான்காம் நாள், வேறு வழியில் மண் போயிருக்கும் என்று நினைத்து, வேலை முடிந்ததா என்று பார்க்கக் கரைக்குப் போனான். சாய்வுப் பாதை அரைகுறையாக நின்றது. யானைத் தலைவர் கொம்பையா நிழலில் சும்மா நின்று காதை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பெரியவரே, எப்போ முடிப்பீங்க?"

"நேத்தே முடிஞ்சிருக்கணும்ப்பா! மண்ணு வரலையே. வழியில யாரோ மறிச்சு உட்கார்ந்திருக்காங்களாம்."

"இப்படியே விட்டா?"

"மழை வந்து, போட்டதையும் கரைச்சுட்டுப் போயிடும். அடுத்த வருஷம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மாற்றுப்பாதையும் திரும்ப அதே இடத்துலதான்!"

ஊசியப்பனுக்குத் திக்கென்றது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. "அந்த யாரோ... நான்தாங்க" என்று தலைகுனிந்தான்.

கொம்பையா திட்டவில்லை. "அப்போ சீக்கிரம் போய் அவங்களைக் கூப்பிடு!" என்றார்.

ஊசியப்பன் ஓடினான். காரியும் மற்றவர்களும் மண்ணோடு வந்தார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் குறுகலான இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் நகத்தால் ஓரத்தைத் தோண்டி வழியை அகலமாக்கினான்.

"போறவங்க இந்தப் பக்கம்! வர்றவங்க அந்தப் பக்கம்! பன்றி மாமா, இடிக்காதீங்க!"

இரண்டு நாள் அவன் கண் மூடவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டபோது பாதை முடிந்திருந்தது. மான்குட்டிகளும் கன்றுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டுக்கு ஏறின. ஒரு குட்டிகூடக் கீழே மாட்டவில்லை.

"அண்ணே, நீங்களும் வாங்க! இங்கேர்ந்து குளம் முழுசாத் தெரியுது!" என்று காரி கூப்பிட்டாள். குட்டைக் கால்களோடு ஊசியப்பன் முதன்முறையாக மேலே ஏறி, நனைந்தபடியே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லோருக்குமான வேலையில் நமக்கு வரும் சிரமத்தைப் பொறுக்காமல் வேலையைத் தடுத்தால், அந்தச் சிரமம் நம் வாசலைவிட்டுப் போகவே போகாது.