வாய் நிறையத் தண்ணீர்

அந்த மருத்துவமனையின் சர்வர் அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே இருக்கும் கணினிகளுக்கும் இணையம் கிடையாது. சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ரெஜினா மட்டும்தான்.

ரெஜினாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கோமதிநாயகத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பில்லிங் பிரிவை மூடியபோது அவரை இங்கே மாற்றியிருந்தார்கள். அவர் அவளை ‘குருவே’ என்று அழைப்பார். கேலியாகத்தான் ஆரம்பித்தது. கேலி எப்போது கழன்று போனதென்று அவருக்கே தெரியாது.

ஒவ்வொரு கட்டளைக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார். அவள் சொல்வாள். அவர் தட்டுவார்.

திங்கள் முதல் ரெஜினாவுக்கு மதுரைக் கிளையில் வேலை. தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் கோமதிநாயகம் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் ரத்த வங்கியின் சர்வர் நின்றுபோனது. அந்த வாரம்தான் வாங்கி வைத்த புது சர்வர். எந்த நோயாளிக்கு எந்தப் பை பொருந்தும் என்று காலையிலிருந்து சோதித்துப் பதிந்ததெல்லாம் அதற்குள் இருந்தது.

மாடியிலிருந்து இன்டர்காம் அடித்தது. “சார், ஆபரேஷனுக்கு ரத்தம் அனுப்பணும். ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல.”

கோமதிநாயகம் திரும்பினார். “குருவே, என்ன போட?”

ரெஜினா பாட்டிலைத் திறந்து வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். விழுங்கவில்லை.

“விளையாடாதீங்க. மேல ஆள் காத்துக் கெடக்கு.”

உப்பிய கன்னங்களோடு அவள் திரையைக் காட்டினாள்.

“அதுகிட்டயா கேக்கச் சொல்றீங்க?”

தலையாட்டினாள்.

பழைய சர்வரில் ‘ஸ்டார்ட்’ என்று தட்டிப் பக்கத்தில் ‘எஃப்’ சேர்த்தால் போதும். முழுதாக எழுந்து நிற்கும். அவள் சொல்லித் தந்ததுதான். விரல் தானாக அதைத் தட்டிவிட்டது. என்டரை அழுத்துமுன் அவளைப் பார்த்தார். கன்னங்கள் அப்படியே இருந்தன. அவை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

தட்டியதை அழித்தார். ‘ஹெல்ப்’ என்று கேட்டார்.

திரை மளமளவென்று ஓடியது. அந்தச் சர்வர் செய்யக்கூடிய வேலைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“ஊரையே கூப்பிட்ட மாதிரி இருக்கே. இதுல யார்கிட்டப் பேச?”

ரெஜினா ஒற்றை விரலைத் தூக்கினாள்.

“ஒண்ணுகிட்ட மட்டும் கேக்கணுமா?” என்றார் அவர். பிறகு ‘ஸ்டார்ட்’ என்று தட்டி, அதற்கு மட்டும் ‘ஹெல்ப்’ கேட்டார்.

சில வரிகளே வந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ‘எஃப்’ என்றால், இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு.

விசைப்பலகையிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தார்.

அடுத்த வரி ‘கே’. இருப்பதை வைத்துக்கொண்டு தொடங்கு.

‘கே’ போட்டார். என்டரை அழுத்தினார்.

பச்சை விளக்கு எரிந்தது. இன்டர்காமில் குரல் துள்ளியது. “வந்துட்டு சார்! காலைல போட்டதெல்லாம் அப்படியே இருக்கு!”

கோமதிநாயகம் மேசையைத் தட்டி எழுந்தார். நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் மோதியது.

“நானே கேட்டேன்! அதுவே சொல்லிட்டு! திங்கக்கிழமை வரட்டும். எந்த மேலாளர் வேணாலும் வரட்டும்!”

ரெஜினாவின் கண்கள் சிரித்தன.

“ஆனாலும் உங்களுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி குருவே. பதில வாய்க்குள்ள வச்சிக்கிட்டு வேடிக்கை பாத்தீங்கல்லா?”

அவள் தண்ணீரை விழுங்கினாள்.

“பதிலா? இது புது சர்வர் அண்ணாச்சி. எனக்குப் பழசுதான் தெரியும். வாயத் திறந்திருந்தா ‘எஃப்’னுதான் சொல்லியிருப்பேன்.”