தொட்டால் தோற்றுப்போகும்

நூறு மைல் தொடர் ஓட்டம் நடத்த வந்த சபாபதிக்குக் கழுத்தில் விசில், கையில் மைக், நெஞ்சு முழுக்க அதிகாரம். கருங்குளத்தூர் ஊருணியில் குடிதண்ணீர் எடுக்க, ஊரே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கும். அவர் கூட்டிவந்த ஓட்டக்காரர்கள் ஷூவோடு இறங்கிக் கால் கழுவினார்கள். கரையிலும் தண்ணீரிலும் காலி பாட்டில்கள்.

அது போதாதென்று தெருக்கூட்டும் மாடத்தியை அதட்டினார். "ஏய், பத்து நிமிஷத்துல சீஃப் கெஸ்ட் வர்றார். ஒரு பாட்டில் கண்ணுல படக்கூடாது."

முந்நூறு பாட்டில், ஒற்றை ஆள். மாடத்தி கோபத்தைக் குரலில் காட்டவில்லை.

"சரிங்க சார். இப்பத்தான் ஓடிவந்த ஒரு பொண்ணு, அடுத்த ஆளுக்குக் கைமாத்துற கைத்தடிய ஓடையில கீழ போட்டுச்சு. எங்க ஊர்க்காரர் எடுத்துக் கொடுக்கப் போனாரு. ஏன் தடுத்தீங்க?"

ஊருக்கே கேட்கட்டும் என்று சபாபதி மைக்கிலேயே சொன்னார். "கீழ போட்டவங்கதான் எடுக்கணும். வேற ஆள் தொட்டா அந்த அணியே அவுட். அதான் ரூல்."

மாடத்தி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அப்ப இந்தப் பாட்டில்ல நான் கைவச்சா உங்க அணி மொத்தமும் அவுட்டாயிடுமே சார்."

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. கைத்தடியைத் தவறவிட்ட பெண்தான் முதலில் வந்து பாட்டிலை எடுக்கக் குனிந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். வேறு வழியில்லாமல் தண்ணீரை நோக்கி நடந்த சபாபதியை மாடத்தி மறித்தாள்.

"ஷூவக் கழட்டிட்டு இறங்குங்க. நாங்க குடிக்கிற தண்ணி."