ஜோடி ஒன்பது

"டீச்சர், அவன் குப்பையை வச்சிக்கிட்டு ஜெயிக்கான்," என்றார் டாக்டர் கோதண்டபாணி.

வந்தவர் இன்னும் உட்காரக்கூட இல்லை.

"யாரு?" என்றாள் ஜெனோவா.

"லிங்கதுரை. உப்பளக்காரன்."

தூத்துக்குடியில் பல் டாக்டர் கோதண்டபாணியை அறியாத கடைவாய்ப் பல் குறைவு. ஊர் கிளப்பில் வருடா வருடம் நடக்கும் போக்கர் போட்டியிலும் அவர்தான் ராஜா. அந்தச் சுழற்கோப்பை அவர் வீட்டு ஹாலில், கல்யாண போட்டோவுக்கு மேலே இருக்கிறது. அவர் மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இந்த ஞாயிறு மறுபடியும் போட்டி. ஆனால் லிங்கதுரை கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து டாக்டர் ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. கோப்பை உப்பளக்காரன் வீட்டுக்குப் போய்விடும் என்று கிளப் சமையல்காரர் வரைக்கும் பேச்சு.

ஜெனோவா டாக்டரைவிட ரொம்பவே இளையவள். கோவாவின் சூதாட்டக் கப்பல்களில் போக்கர் ஆடியே பல வருடம் பிழைத்தவள். ஏன் விட்டாய் என்று கேட்டால் முதுகு வலி என்பாள். இப்போது தன் மாடி வீட்டில் வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறாள். அதிகம் பேச மாட்டாள். அதனாலேயே அதிகம் பேர் வருவதில்லை.

"எப்படி ஆடுதாரு?"

"எந்தச் சீட்டு வந்தாலும் ஆடுதான் டீச்சர். பந்தயத்தை ஏத்திக்கிட்டே இருக்கான். சில நேரம் சீட்டைப் பாக்கவே மாட்டேங்கான். எவ்வளவு வேணும்னாலும் வைக்கலாம்ல, முன்னால இருக்கிற காயின் அத்தனையும் தள்ளிருதான். 'அண்ணாச்சி, வாரீங்களா?'ன்னு ஒரு சிரிப்பு வேற."

"நீங்க?"

"நான் முறையா ஆடுதேன்."

"முறையான்னா?"

டாக்டர் தயங்கினார். "கையில ஒண்ணும் இல்லாதப்ப பெருசா வச்சு மிரட்டிப் பாத்தேன்."

"பயந்தாரா?"

"எங்க! வெறும் ஜோடி மூணை வச்சிக்கிட்டு, நான் வச்ச அளவு தானும் வச்சு எடுத்துட்டான். ஜோடி மூணு! மனுசன் எடுப்பானா? மறுபடி மிரட்டினேன். மறுபடி எடுத்தான்."

ஜெனோவா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள்.

"வர்ற வழியில மாடு படுத்திருந்துச்சா?"

"ஆமா. பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல. நடு ரோட்டுல."

"ஹாரன் அடிச்சீங்களா?"

"அடிச்சேன்."

"எந்திரிச்சுதா?"

"நம்மூரு மாடு என்னைக்கு எந்திரிச்சிருக்கு?"

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"சுத்தி வந்தேன்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். குக்கர் சத்தம் கேட்டது. டாக்டர் காத்திருந்து பார்த்தார். வகுப்பு முடிந்துவிட்டது என்று புரிந்ததும் எரிச்சலோடு கிளம்பினார்.

திரும்பும்போதும் மாடு அங்கேயேதான் இருந்தது. டாக்டர் ஹாரனில் கை வைத்தார்.

அமுக்காமல் எடுத்துவிட்டார்.

*

"மிரட்டுறத விட்டுட்டேன் டீச்சர். இப்பக் கொஞ்சமாத்தான் தோக்கேன்," என்றார் அடுத்த முறை வந்தபோது.

"எங்க உக்காருதீங்க?"

"கிழக்கு பாத்து."

"திசையைக் கேக்கல. அவருக்கு எந்தப் பக்கம்?"

டாக்டர் கண்ணை மூடி யோசித்தார். "அவன் எப்பவும் ஏசிக்குக் கீழ உள்ள நாற்காலியிலதான் உக்காருவான். ரொம்ப வேர்க்கும் அவனுக்கு. எனக்கு இடது கைப்பக்கம்."

ஜெனோவா டம்ளர்களை எடுத்து மேசைமேல் வட்டமாக வைத்தாள்.

"முறை எந்தப் பக்கமாச் சுத்தும்?"

"இடது பக்கமா."

"அப்ப முதல்ல யாரு?"

"நான்."

"பிறகு?"

"அவன்."

சொல்லிவிட்டு டாக்டர் டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் லிங்கதுரை செய்திருக்கிறான்.

ஜெனோவா டாக்டரின் டம்ளரை எடுத்தாள். லிங்கதுரையின் டம்ளரைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தாள்.

டாக்டருக்கு முகம் வெளுத்துப்போனது. "அங்க உக்காந்தா தெக்கு பாக்கணும் டீச்சர். எமன் திசை."

அந்தக் கிளப்பில் படித்தவர்கள்தான் அதிகம். ஆளுக்கொரு ராசி நாற்காலியும் உண்டு. கிழக்கு பார்த்த அந்த நாற்காலிக்காக டாக்டர் ஒரு ரிட்டயர்டு நீதிபதியோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர்.

"எமன் கண்ணுக்கு முன்னால இருக்கட்டுமே," என்றாள் ஜெனோவா.

*

"மாறி உக்காந்தேன். கிளப்பே சிரிச்சுது."

"பிறகு?"

"அவன் செய்யுறதப் பாத்துட்டு நான் செய்தேன். பாதி ஆட்டத்துக்கு மேல சீட்டைக் கீழ போட்டு விலகிட்டு சும்மாதான் இருந்தேன். போரடிக்கு டீச்சர். அப்பதான் ராஜா ஜோடி வந்துச்சு. கை துறுதுறுங்குது. அவன் வச்சதுக்கு மேல படக்குன்னு பெருசா ஏத்திட்டேன்."

"அவர்?"

"என் நேரம் பாருங்க, அன்னைக்குப் பாத்து சீட்டைப் போட்டுட்டான்! கெடைச்சது சில்லறைதான்."

"அவர்தான் ஏத்திக்கிட்டே இருக்காருல்லா. ஒங்களுக்கு எதுக்கு அந்த வேலை?"

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். அவருடைய தொழிலில் மற்றவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

"ஆனாலும் டீச்சர், அவனுக்கு ஒரு பாடம் கத்துக்குடுக்கணும்."

"ஃபீஸ் வாங்குவீங்களா?"

டாக்டருக்குக் கோபம் வந்தது. வயசுக்காவது மரியாதை வேண்டாமா என்று தோன்றியது. படி இறங்கும்வரை அந்தக் கோபம் இருந்தது. கார்க் கதவைத் திறக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தது. ஜெனோவா போகவில்லை. அவள் எப்போதும் போவதில்லை.

திங்கள்கிழமை காலையில் டாக்டர் வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே புதுசு.

"சொல்லுங்க."

"கடைசியில நானும் அவனும்தான் மிச்சம். காயின் ரெண்டு பேருக்கும் சமம். எனக்கு ஜோடி ஒன்பது வந்துச்சு."

"அவர்?"

"சீட்டைத் தொடக்கூட இல்ல. அத்தனையும் தள்ளிட்டு, 'அண்ணாச்சி, வாரீங்களா?'ன்னான்."

பழைய டாக்டராக இருந்தால் அந்த ஒன்பதைக் கீழே போட்டு விலகியிருப்பார். ஏஸ் ஜோடி வரட்டும் என்று காத்திருந்திருப்பார். அது வருவதற்குள் காயின் கரைந்திருக்கும்.

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"அவர்ட்ட என்ன இருந்துச்சு?"

"ஒரு ராணி, ஒரு நாலு. குப்பை. ரெண்டு பேரும் சீட்டைத் திருப்பி வச்சாச்சு. நடுவுல அஞ்சு பொதுச் சீட்டு விழணும். நாலு சீட்டு விழுந்தாச்சு. அதுல அவனுக்கு ஒண்ணும் இல்ல. அதுவரைக்கும் கோப்பை எனக்குத்தான்."

டாக்டர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அஞ்சாவது, ராணி. அவனுக்கு ராணி ஜோடி."

கிளப் முழுக்கக் கத்தியது. லிங்கதுரையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ரிட்டயர்டு நீதிபதிகூட ஆடினார். இன்று காலை கோப்பை இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் வந்திருந்தார்.

"அப்ப அந்த ஒன்பதைப் போட்டிருக்கலாம்," என்றாள் ஜெனோவா.

"எதுக்குப் போடணும்?"

"தோத்துட்டீங்கல்லா."

"தோத்தா? அவன் என்ன சீட்டுன்னே பாக்காம வைக்கான் டீச்சர். அவனுக்கு எதிரா ஜோடி ஒன்பதைப் போடுறவன் பேசாம வீட்டுலயே இருந்துக்கிடலாம்."

"ராணி வந்துச்சே."

"வரட்டும்! வந்தா வந்துட்டுப் போவுது. நாளைக்கு வச்சாலும் எடுப்பேன்."

"நாளைக்கும் ராணி வந்தா?"

"நாளான்னைக்கும் எடுப்பேன்!"

டாக்டர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மெதுவாக உட்கார்ந்தார்.



"கோப்பை போயிருச்சே டீச்சர்," என்றார்.

"போயிருச்சு," என்றாள் ஜெனோவா. சீட்டுக்கட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "கலைங்க டாக்டர்."