சிட்டுக்குருவிக்கு மட்டும் ஒரு சட்டம்

மனிதரும் பறவைகளும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், மூங்கிலூரில் ஒரு சட்டம் இருந்தது. தானியம் தின்னும் பறவைக்கு யாரும் வீட்டில் இடம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்த வீட்டுக்கு அறுவடையில் பங்கு கிடையாது.

அந்த ஊரில் பூவாத்தாள் என்றொரு பெண் இருந்தாள். அவள் கணவனை ஆற்று வெள்ளம் கொண்டுபோனது. அதன் பிறகு மகள் செம்பி பேச்சை விட்டாள், சோற்றையும் விட்டாள். ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். குழந்தை துரும்பாக இளைத்துப்போனாள்.

ஒரு மழை நாளில் சிட்டுக்குருவி ஒன்று நனைந்துபோய் வாசலில் நின்றது.

"அக்கா, என் கூடு காத்துல போயிடுச்சு. முட்டையிட இடம் தருவியா?"

பூவாத்தாளுக்குச் சட்டம் தெரியும். ஆனால் குருவி நடுங்குவதைப் பார்க்க முடியவில்லை. "கூரை இடுக்கில இருந்துக்கோ" என்றாள்.

முட்டைகள் பொரிந்தன. செம்பி தொடாமல் வைத்திருந்த சோற்றைப் பார்த்துக் குருவி சொன்னது: "கண்ணு, நீ ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் என் குஞ்சுக்கு ஒரு பருக்கை குடு. நீ சாப்பிடாம நான் எடுக்க மாட்டேன்."

மேலே குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. செம்பி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல ஒரு வாய் அள்ளித் தின்றாள். பூவாத்தாள் அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

விஷயம் ஊர்க் காவலன் மாசாணத்துக்கு எட்டியது. கம்போடு வந்துவிட்டான்.

"கூட்டைக் கலைச்சிடு தாயி. இல்லைன்னா உன் பங்கு போயிடும்."

"போகட்டும் அண்ணே. என் பிள்ளை சாப்பிடுறா."

மாசாணம் கூட்டை நோக்கிக் கம்பை ஓங்கினான். குருவி பறந்து தப்பியிருக்கலாம். ஆனால் கீழே செம்பி ஒரு வாய் தின்றுவிட்டு, பருக்கையோடு கையை நீட்டிக்கொண்டிருந்தாள். குருவி கம்புக்கு அடியிலேயே இறங்கி, அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

"அடிக்காதீங்க மாமா."

வெள்ளத்துக்குப் பிறகு செம்பி பேசிய முதல் பேச்சு அது.

மாசாணத்தின் கை தாழ்ந்தது. அன்றே ஊரைக் கூட்டி நடந்ததைச் சொன்னான். "சட்டம் மத்த பறவைக்கெல்லாம் இருக்கட்டும். இதுக்கு மட்டும் தனியா ஒண்ணு வைப்போம்."

"ஒருத்தருக்கு மட்டும் ஒரு சட்டமா? அதுக்கு என்ன பேரு?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"சலுகைன்னு வச்சுக்குங்க" என்றான் மாசாணம். ஊர் சம்மதித்தது. அந்த அறுவடையில் அவனே தன் பங்கிலிருந்து ஒரு கொத்து நெற்கதிரைக் கொண்டுவந்து பூவாத்தாள் வீட்டு வாசலில் கட்டினான்.

அன்று தொடங்கித்தான், வயலில் பறவை விரட்டுகிற கை வாசலில் சிட்டுக்குருவிக்கு நெற்கதிர் தொங்கவிடுகிறது. அது வீட்டுக்குள் கூடு கட்டினால் கலைக்க யாருக்கும் மனம் வருவதில்லை.