அவரைக்கொடி மேல் நடந்த வழக்கு

ரொம்ப காலத்துக்கு முன்னால் செம்பியாற்றங்கரைச் சீமையை மகுடேசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். ஒரு ஆடி மாதத்தில் அவருக்கு விசித்திரமான குறை வந்துவிட்டது. எதைச் சாப்பிட்டாலும் நாக்குக்குப் பிடிக்கவில்லை. இலையைத் தள்ளிவிட்டுச் சபைக்கு வந்தார்.

"எனக்கு என் அம்மா வைத்த அவரைக்காய்ப் பொரியல் வேண்டும்!"

அவர் அம்மா இருந்தவரைக்கும் அரண்மனைச் சமையல்கட்டுக்குப் பின்னால், கிணற்றடியில், பந்தல் போட்டு அவரை வளர்த்தாள். சின்னப் பிள்ளையாக இருந்த ராஜா பந்தலுக்கடியில் நின்று எட்டி எட்டிப் பறிப்பார். அவள் போன பிறகு, ராஜாவின் கொல்லையில் சேறு இருக்கலாமா என்று அங்கே கல் பாவிவிட்டார் கனகசபாபதி. அவர் அரண்மனை உக்கிராணத்துக்கு அதிகாரி. அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் அவர் கையால்தான் உள்ளே வரும். மந்திரி திருமேனி என்றால் அவருக்கு எட்டிக்காய்.

கனகசபாபதி முந்திக்கொண்டார். எங்கெங்கிருந்தோ வண்டி வண்டியாக அவரைக்காய் வந்து இறங்கியது. ராஜா ஒரு வாய் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "பார்க்க அவரைக்காய்தான். வாயில் வைத்தால் ஒன்றுமில்லை."

மந்திரி திருமேனி குவியலில் கையை விட்டு, முற்றிக் காய்ந்த காய் ஒன்றைப் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டார். "மகாராஜா, பொங்கலன்று அந்த ருசியை உங்கள் இலையில் வைக்கிறேன். தவறினால் இந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுகிறேன்."

"சபையில் சொன்ன வார்த்தை! எல்லாரும் கேட்டுக்கொண்டீர்கள் அல்லவா?" என்று கனகசபாபதி கையைத் தேய்த்துக்கொண்டார்.

சில நாள் கழித்து மந்திரி மூச்சிரைக்கச் சபைக்குள் வந்தார். "மகாராஜா, ஒரு குற்றவாளி! உங்கள் மண்ணில் நிற்கிறான், உங்கள் தண்ணீரைக் குடிக்கிறான், வரி மட்டும் கட்டமாட்டானாம்."

"இழுத்து வாரும் அவனை!"

"இழுத்தால் செத்துப்போவான். தாங்கள்தான் வந்து விசாரிக்க வேண்டும்."

குடையும் சாமரமுமாக ராஜா கொல்லைக்குப் போனார். பாவிய கல்லில் கொஞ்சம் பெயர்த்த இடத்தில், இரண்டே இலையோடு ஒரு அவரைச் செடி நின்றது. ராஜாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து, "ஏனடா, வரி எங்கே?" என்று கேட்டார்.

"வாய்தா கேட்கிறான் மகாராஜா" என்றார் மந்திரி.

"சரி, நாளைக்குப் பார்ப்போம்."

நாளைக்கு என்றால் மந்திரி விடுவாரா? தினமும் காலையில் விசாரணை. ஒருநாள் தளிரில் பூச்சி மொய்த்திருந்தது. "என் கைதி மேல் கை வைத்தவன் எவன்?" என்று சத்தம் போட்டு, அடுப்புச் சாம்பலை வாங்கித் தாமே தூவினார். அரிசி கழுவிய தண்ணீரை அவரே கொண்டுவந்து ஊற்றினார். கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்ட அன்று கையில் ஈர மண் வாசம் ஒட்டியிருந்தது. அம்மாவின் முந்தானையில் அடிக்கும் வாசம் அது. ராஜா கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தார். கையைக் கழுவ மனமில்லாமல் அப்படியே சபையில் போய் உட்கார்ந்தார்.

கார்த்திகை பிறந்தது. கொடி பந்தலை மூடிப் படர்ந்தது, பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. மந்திரி விரலில் கிடந்த மோதிரத்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். கனகசபாபதிக்கு நடையே மாறிவிட்டது.

அப்போதுதான் ராஜாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பூக்காத கொடியில் அம்மா பிய்ந்த செருப்பைக் கட்டித் தொங்கவிடுவாள். அவமானம் தாங்காமல் ரோஷம் வந்து பூக்குமாம். ராஜா நாலு பக்கமும் பார்த்தார். ஆள் இல்லை. தம் காலில் கிடந்ததையே கழற்றிக் கட்டிவிட்டு வெறுங்காலோடு சபைக்கு நடந்தார்.

சற்று நேரத்தில் கனகசபாபதி அலறிக்கொண்டு ஓடிவந்தார். "அநியாயம் மகாராஜா! தங்கள் பாதரட்சை அவரைப் பந்தலில் தொங்குகிறது! எல்லாம் இந்த மந்திரியின் வேலை. கட்டிய கையை வெட்ட உத்தரவிட வேண்டும்!"

மந்திரி ராஜாவின் வெறுங்காலைப் பார்த்தார், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். ராஜா கால்களைச் சிம்மாசனத்துக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கையை வெட்டிவிட்டால் செங்கோலை யார் ஐயா பிடிப்பது?" என்றார் ராஜா.

சபை குலுங்கியது. கனகசபாபதி தூண் மறைவுக்கு ஒதுங்கினார்.

செருப்பைப் பார்த்து வந்த ரோஷமோ, பனி விழுந்த குணமோ, அந்த வாரமே கொடி பூத்துக் குலுங்கியது.

பொங்கலன்று ராஜாவே காய் பறித்தார். முதல் பறிப்பை நாலு பேருக்குக் கொடுத்த பிறகுதான் அடுப்பேற்றுவது அம்மாவின் வழக்கம். வாசல் காவலர், யானைப்பாகன், தண்ணீர் இறைப்பவர் என்று எல்லார் வீட்டுக்கும் போனது போக, மிச்சம் பொரியலாகிப் பந்திக்கு வந்தது. மந்திரி மோதிரத்தைக் கழற்றி ராஜாவின் இலையோரம் வைத்தார். ராஜா ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். மோதிரத்தை எடுத்து மந்திரியின் விரலில் போட்டார்.

கனகசபாபதிக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, இதன் விதையே நான் கொண்டுவந்த குவியலில் பொறுக்கியதுதான். பெருமை எனக்கல்லவா சேர வேண்டும்?"

"வாஸ்தவம்" என்றார் மந்திரி. "அந்தக் குவியலில் எல்லாம் இருந்தது. மகாராஜா தினமும் நடத்திய விசாரணை மட்டும் இல்லை."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். "கனகசபாபதி, கல்லைப் பாவியவர் நீர். மிச்சக் கல்லையும் நீரே பெயர்த்து ஒரு பாகல் கொடி போடும். அது காய்க்கிறவரை சபையில் காய்கறியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது."

பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் போடப்பா."

"தீர்ந்துவிட்டது மகாராஜா. எல்லாருக்கும் போட்டாயிற்றே."

ராஜா தம் இலையைப் பார்த்தார். அம்மா எப்போதும் அவர் சாப்பிட்ட பிறகுதான் உட்காருவாள். அவள் இலையில் மோர்ச்சோறும் ஊறுகாயும் இருக்கும். பொரியல் இருந்து அவர் பார்த்ததே இல்லை. அம்மாவுக்கு அவரைக்காய் பிடிக்காது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தார். நாட்டையே ஆளும் ராஜா, பந்தியில் அத்தனை பேர் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.