டிஎஸ்பி வீட்டு நாயின் கடைவாய்ப்பல்

ஓய்வுபெற்ற டிஎஸ்பி வீரபாகுவின் நாய்க்குக் கடைவாய்ப்பல்லில் சீழ் பிடித்து, கண்ணுக்குக் கீழே வீங்கிவிட்டது. மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை. மயக்க ஊசி போட்டுத்தான் பல்லைப் பிடுங்க முடியும் என்றார் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

"ஊசி கீசியெல்லாம் கிடையாது! ஆடாதேன்னு நான் சொன்னா என் நாய் ஆடாது. மீறிப் போட்டா உங்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!" என்று மேசையைத் தட்டினார் வீரபாகு.

ஆஸ்பத்திரி உதவியாளர் பேச்சியம்மாள் பணிவாக முன்னால் வந்தாள்.

"ஐயா சொன்னா நாய் கேக்கும். ஆனா வாயைத் திறந்துக்கிட்டு ஆடாம இருக்கிறது எப்படின்னு அதுக்குத் தெரியாதே? ஐயா ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. முக்கால் மணி நேரம்தான். நடுவுல பேசக் கூடாது."

"இதென்ன பிரமாதம்?" என்று நாற்காலியில் நிமிர்ந்து வாயைப் பிளந்தார் வீரபாகு. நாய் எதிரே உட்கார்ந்து அவர் வாயையே ஆவலாகப் பார்த்தது.

இரண்டாவது நிமிடம் தாடை நடுங்கியது. எச்சில் முகவாயில் வழிந்தது. மூன்றாவது நிமிடம் பேச்சியம்மாள் பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்து மெதுவாகத் துடைத்தாள்.

"ஏய், அதை எதுக்கு எடுக்கிறே?" என்று துள்ளி எழுந்தார் வீரபாகு.

பேச்சியம்மாள் மருந்து அலமாரியைத் திறந்தாள்.

"டாக்டரம்மா, ஊசி ஒண்ணு எடுக்கவா, ரெண்டு எடுக்கவா?"