அப்பாஸ்ட்ரஃபிக்கு ஓர் உதாரணம்

ஒரு குரு, ஒரு சிஷ்யை. குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். குருவுக்கு வயது இருபத்தொன்பது, பெயர் வினோலியா. தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் வகுப்பெடுப்பவள். சிஷ்யை அமலோற்பவத்துக்கு நாற்பத்தேழு. கடற்கரை ஊரொன்றில் இரண்டாம் வகுப்பு டீச்சர்.

குருவுக்குச் சிஷ்யையிடம் கொஞ்சம் பயம் உண்டு. புள்ளி வைக்க மறந்த பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறைக்கிற கறார் டீச்சர் அவள். தானும் அதே கறாரோடு படிப்பாள். சிமிலி, மெட்டஃபர், ஹைப்பர்போலி என்ற ஆங்கில அணிகளெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த ஞாயிறு வினோலியா திருத்திக் கொடுத்த தாளில் ஓரிடத்தில் பூஜ்யம் இருந்தது.

மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். அமலோற்பவம் தாளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“இது ஏன் தப்பு மிஸ்?”

அப்பாஸ்ட்ரஃபி என்ற அணியை விளக்கி உதாரணம் தரச் சொன்ன கேள்வி அது. விளக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிரில் இல்லாதவரையோ, இறந்தவரையோ, காது கேளாத மலையையோ மரத்தையோ எதிரில் இருப்பதாகவே எண்ணிக் கூப்பிட்டுப் பேசுவது என்று அழகாக எழுதியிருந்தாள். உதாரணம்தான் வகுப்பில் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் உள்ளே கடற்கரைத் தமிழ் அப்படியே கேட்டது: நம்ம பொண்ணு கணக்குல நூறு எடுத்திருக்கா, கேட்டியளா.

முந்தின நாள் திருத்தும்போது வினோலியாவின் சிவப்புப் பேனா அந்த வரியில் வெகுநேரம் நின்றது. யோசித்துத்தான் பூஜ்யம் போட்டாள். விவரம் தெரிந்து போட்ட பூஜ்யம் என்று ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

“இது யார்கிட்ட சொன்னது டீச்சர்?”

“வீட்டுக்காரர்ட்ட.”

வீட்டுக்காரர் ததேயுஸ் கடலுக்குப் போய் நாலு வருஷம். புயலுக்கு முந்தின நாள் கிளம்பிய படகில் மொத்தம் ஏழு பேர். ஒருவரும் திரும்பவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பேச்செடுப்பதில்லை.

வினோலியா தாளின் ஓரத்தில் இருந்த காலி இடத்தைக் காட்டினாள். “கடலைக் கூப்பிட்டு ஒரு வரி எழுதுங்க.”

அமலோற்பவம் நின்றபடியே எழுதினாள். கடலே, கொண்டுபோனதைத் திருப்பித் தா.

வினோலியா அதற்கு டிக் போட்டாள்.

“எழுதிட்டு, பதிலுக்குக் காத்திருந்தீங்களா?”

“கடலு பேசுமா மிஸ்?”

“வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு?”

அமலோற்பவம் மெல்லச் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சமைக்கிறபோதுதான் பேசுவாளாம். ஒரு சேதி சொல்வாள். சொல்லிவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டு நிற்பாள். பதில் சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். ததேயுஸ் நிறுத்தி நிதானமாகப் பேசுகிற ஆள் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட. அப்புறம்தான் அடுத்த சேதி. அந்த நேரத்தில் மகள் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள்.

“அதனாலதான் பூஜ்யம்,” என்றாள் வினோலியா. “பதில் வராதுன்னு தெரிஞ்சே பேசினாத்தான் அது அணி. நீங்க எழுதினது அணி இல்ல டீச்சர். சாதாரணப் பேச்சு.”

குருவுக்கு இது நல்ல பதிலாகத்தான் பட்டது. இதோடு தாளை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவாள் என்று நினைத்தாள். ஆனால் அமலோற்பவத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பூஜ்யம் வாங்கி முகம் மலர்ந்த மாணவியை வினோலியா அதற்கு முன் பார்த்ததில்லை. என்னவோ தப்பு செய்துவிட்டோம் என்று அப்போதே அவளுக்குத் தோன்றிவிட்டது.

“இன்னைக்குச் சாயங்காலம் சர்ச் சாமியாருக்குச் சொல்லணும் மிஸ்,” என்று ஆரம்பித்தாள் அமலோற்பவம்.

கல்லறைத் தோட்டத்தில் ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே கல் வைக்கிறார்கள். ஆறு வீட்டுப் பெண்களும் அழுதுகொண்டே சரி சொல்லி, ஆறு பெயரும் வெட்டியாயிற்று. ஏழாவது பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு இன்னும் இரண்டே நாள். இன்றைக்குள் இவள் சரி சொல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமனே விட்டுக் கல்லை நட்டுவிடுவார்கள்.

“வெட்டுங்கன்னு வாயால சொல்ல முடியல. சரி, பரீட்சையில எழுதிப் பாப்போம்னு எழுதினேன். நீங்க டிக் போட்டா அவரும் கேக்காதவங்க கூட்டத்துல சேந்துட்டாருன்னு வச்சுக்கிடலாம், போயி வெட்டச் சொல்லிரலாம்னு நெனச்சேன். நீங்க தப்புன்னு போட்டுட்டிய.”

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ அவரு இருக்காருன்னுதானே மிஸ்?”

வினோலியாவுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தின்மேல் அருவருப்பாக இருந்தது. எட்டு வருஷம் படித்த படிப்பில் இந்தக் கேள்விக்கு ஒரு வரி கிடையாது. ஆமாம் என்று சொல்லிவிடலாம், ஒரு சொல்தானே என்று மனம் அடித்துக்கொண்டது. சொன்னால் அந்த மனுஷி சந்தோஷமாகப் பஸ் ஏறுவாள். இன்னும் முப்பது வருஷம் அடுப்பு முன்னால் கரண்டியை வைத்துவிட்டு நிற்பாள். அந்த மகளும் நிற்பாள்.

அவள் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அமலோற்பவத்தைத் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். தானும் அருகில் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் உள்ளதைத்தான் சொன்னாள்.

“நீங்க காத்திருக்கீங்கன்னுதான் பூஜ்யம் போட்டேன், டீச்சர். அவர் வருவார்னு இல்ல.”

அமலோற்பவம் பேனாவை எடுத்து, கடலுக்கு எழுதின வரிக்குக் கீழே ததேயுஸ் என்ற பெயரைப் புள்ளி மறக்காமல் எழுதினாள்.